அரைக் கட்டம் தள்ளி

கல்யாணமெல்லாம் இல்லைங்க. வேலை விஷயமாத்தான் போயிட்டு வரேன். புடவையைப் பார்த்துட்டுக் கேக்கறீங்க. பீரோவுல சும்மாதானே கிடக்கு, ஒரு தடவை கட்டுவோமேன்னு கட்டினேன், வேற ஒண்ணும் இல்ல. நீங்களும் மாயவரம்தானா? அப்ப இன்னும் ஒண்ணரை மணி நேரம் ஆகும். ரோடு மழையில அரிச்சுக் கிடக்கற கிடப்புக்கு ரெண்டு மணி நேரமே ஆனாலும் ஆகும்.

டீச்சரா? முன்னாடி இருந்தேன். பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் சொல்லிக்குடுத்தேன், பதினோரு வருஷம். அம்மாவுக்கு முடியாமப் போனப்ப விட்டேன். அம்மா போயே ஆறு வருஷம் ஆயிடுச்சு. இப்ப வீட்டுலேர்ந்தே வேலை. மெட்ராஸ்ல ஒரு தனியார் ஆராய்ச்சி நிலையம். ஏரி, ஆறு, வெள்ளம்னு ஆராய்ச்சி பண்றவங்க. அவங்களுக்கு மேப் போட்டுக் குடுக்கறேன். கையால போடறது இல்ல. ப்ரோகிராம் எழுதி.

சொன்னா சுலபம்தான். ஒரு ஊர்ல ஐம்பது மீட்டருக்கு ஒரு குச்சி நட்டுக்கிட்டே போறாங்கன்னு வைங்க. ஒவ்வொரு குச்சிகிட்டயும் கருவியை வெச்சு, இந்த இடம் பூமியில எங்க இருக்கு, எவ்வளவு உயரத்துல இருக்குன்னு அளந்துடுவாங்க. ஒரு குச்சிக்கு மூணு நம்பர். கிழக்கு மேற்கா எங்க, வடக்கு தெற்கா எங்க, உயரம் எவ்வளவு. அவ்வளவுதான். அப்படி ஆயிரக்கணக்கான வரி ஒரு சாதா ஃபைல்ல எனக்கு வரும். என் ப்ரோகிராம் அதைக் கணக்கு நோட்டுல இருக்குமே, அந்த மாதிரி கட்டம் கட்டமா அடுக்கும். ஏரி தளும்பினா தண்ணி ஏறற கட்டத்துக்கு நீலம், ஏறாத கட்டத்துக்குப் பச்சை. கடைசியில நாலு வரி எழுதணும். இந்தப் படத்தோட மேல் இடது மூலை பூமியில இன்ன இடம், ஒரு கட்டத்தோட அகலம் இத்தனை மீட்டர்னு. அந்த நாலு வரி இல்லேன்னா அது வெறும் கலர்ப் படம்தான். இருந்துச்சுன்னா, பூமி மேல கச்சிதமாப் போய் உக்காந்துக்கும். எந்தத் தெருவுக்குத் தண்ணி வரும், எந்தத் தெருவுக்கு வராதுன்னு ஆபீசருங்க செல்போன்லயே பார்த்துக்கலாம். பார்த்துட்டு, மழைக்கு முன்னாடியே எந்தத் தெருவைக் காலி பண்ணணும்னு லிஸ்ட் போடுவாங்க.

பெரிய வேலைதான். ஆனா யார்கிட்டயும் பேச வேண்டியது இல்ல. அதுதான் எனக்குப் பிடிச்சது. மாடிப் போர்ஷன். காலையில பால்காரருக்குப் பையைக் கயித்துல இறக்கிடுவேன், அவர் பாக்கெட்டைப் போட்டுட்டுப் போயிடுவார். காய்கறியும் அதே கயிறுதான். ஒரு தடவை செவ்வாய்க்கிழமை ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. எடுத்து ஹலோங்கறேன், குரலே வரலை. காத்துதான் வருது. என்னடான்னு பார்த்தா, சனிக்கிழமைலேர்ந்து நான் வாயையே திறக்கலை. சிரிப்பா வந்துச்சு. தனிமையெல்லாம் இல்லைங்க. பழக்கம்தான்.

சரி, நான் சொல்ல வந்தது இந்த வருஷம் நடந்தது. ஜூன் மாசம் இந்தக் காட்டுமன்னார்கோவில் பக்கத்து வேலை வந்துச்சு. வாகையேரின்னு ஒரு ஏரி, அதைச் சுத்தி ஏழு ஊர். அளக்கறவர் பேரு கலியமூர்த்தி. நடுத்திட்டுங்கற ஊர்க்காரர், அந்த ஏழு ஊர்ல அதுவும் ஒண்ணு. நான் அவரைப் பார்த்தது இல்ல. பேசினதும் இல்ல. அவர் அளந்து ஃபைலை ஆபீஸ் ஃபோல்டர்ல போடுவார், நான் அங்கேர்ந்து எடுத்துப் படம் பண்ணி அதே ஃபோல்டர்ல போடுவேன். நடுவுல பிரகதீஸ்வரன் சார்னு ஒருத்தர், அவர்தான் எங்க ரெண்டு பேருக்கும் மேல.

முதல் ஃபைல் ஜூலை ஆரம்பத்துல வந்துச்சு. திறந்து பார்க்கறேன். நம்பர், நம்பர், நம்பர். நடுவுல ஒரு வரி: 'இந்தப் புள்ளிகிட்ட தண்ணிப்பாம்பு ஒண்ணு காலைத் தாண்டிப் போச்சாம்.'

எங்க வேலையில, ஒரு வரிக்கு முன்னாடி ஒரு சின்னக் குறி போட்டுட்டா ப்ரோகிராம் அந்த வரியைப் படிக்காது. தாண்டிப் போயிடும். அது மனுஷங்க படிக்கறதுக்கு. கருவி நம்பர், தேதி, அந்த மாதிரி எழுதுவாங்க. தண்ணிப்பாம்பை யாரும் எழுத மாட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அடுத்த ஃபைல்லயும் இருக்கான்னு பார்த்தேன். இருந்துச்சு. 'இன்னைக்கு நாப்பத்தோரு புள்ளி. வெயில் மண்டையைப் பொளக்குது.' அப்பறம் ஒரு நாள், 'குழம்பு கொதிக்கறதுக்குள்ள இதை முடிச்சிடணும்.' பாருங்க, நாள் பூரா வயல்ல நின்னுட்டு வந்து, தானே சமைச்சுக்கற மனுஷன். பாவம், தனியா இருக்கார் போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஆகஸ்ட் பூரா அப்படித்தான். வாரத்துக்கு ரெண்டு ஃபைல், ஃபைலுக்கு அஞ்சாறு வரி. 'பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்துல நம்பர் தப்பாயிடும் போல இருக்கு.' 'இந்த மேட்டுல ஒரு நாவல் மரம் இருக்கு. பழம் எடுத்துக்கிட்டு வந்தாங்க, ஊதா ஊதாவா கை.' 'கால் வீங்கியிருக்கு, செருப்பு நுழைய மாட்டேங்குது.' நடந்து நடந்து வீங்கியிருக்கும்னு எனக்கு மனசு கேக்கலை. வெந்நீர்ல கல்லுப்பு போட்டுக் காலை வெச்சா வத்தும், எங்கம்மாவுக்கு நான் அப்படித்தான் செய்வேன். அதை எழுதிப் போடலாம்னு டைப் பண்ணினேன். நான் ஃபோல்டர்ல போடற ஃபைல்ல அதே மாதிரி ஒரு வரி. டைப் பண்ணிட்டு அழிச்சிட்டேன். ஒரு ஆம்பளை என்ன நினைப்பார்? வேலை விஷயமா ஏதாவது கேட்டா பதில் சொல்லலாம். கேக்காததுக்கு எப்படிப் பதில் சொல்றது?

செப்டம்பர்ல கேட்டுட்டார். ஃபைலோட கடைசி வரி: 'இதையெல்லாம் யாராவது படிக்கறீங்களா?'

மூணு நாள் யோசிச்சேங்க. உடனே பதில் போட்டா, இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்த மாதிரி இருக்கும். ரெண்டு நாள் கழிச்சுப் போட்டா, ஏன் உடனே போடலைன்னு தோணும். மூணாவது நாள் அடுத்த ஃபைலே வந்துடுச்சு. அதுல எப்பவும் போல, 'மழை தூறுது, காயப் போட்ட துணியை எடுக்கணும்'னு இருந்துச்சு. சரி, அவருக்கு ஒண்ணும் வருத்தம் இல்லைன்னு விட்டுட்டேன். புரிஞ்சுக்கிட்டிருப்பார்னு நினைச்சேன். சில பேர்கிட்ட சொல்லாமலே புரியும் இல்லையா?

ஃபைல் வர்ற நாள் எனக்குத் தெரியும். செவ்வாய், வெள்ளி. அன்னைக்குக் காலையில தலைக்குக் குளிச்சிட்டுத்தான் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருவேன். அது எப்பவும் உள்ள வழக்கம்தான்... சரி, எப்பவும் இல்ல. அந்த மூணு மாசம்.

அக்டோபர் எட்டாம் தேதி ஒரு ஃபைல். அதுல, 'இனிமே கொஞ்ச நாள் உக்கார முடியாது போல.' அவ்வளவுதான். அதுக்கப்பறம் வந்ததெல்லாம் வெறும் நம்பர். ஒரு வரி கிடையாது. நான் ஃபைலை மேலேர்ந்து கீழ, கீழேர்ந்து மேல தேடறேன். நூத்தி இருபது வரி, எல்லாம் நம்பர். முதல் வாரம், உடம்புக்கு என்னவோன்னு பயந்தேன். ரெண்டாவது வாரம் கோவம் வந்துச்சு. என்னைக் கேட்டீங்கன்னா நியாயமான கோவம்தான். மூணு மாசம் ஒருத்தர்கிட்ட பேசிட்டு, ஏன்னு சொல்லாம நிறுத்தினா? நான் பதில் போடலைதான். ஆனா ஒவ்வொரு வரியையும் படிச்சேன் இல்லையா?

அந்தச் சமயத்துலதான் பிரகதீஸ்வரன் சார் மெயில் அனுப்பறார். 'நடுத்திட்டு ஓடைத்தெருவைப் படத்துல பச்சையா காட்டுது, ஆனா அந்தத் தெருவுல போன வெள்ளத்துலயே முட்டி வரைக்கும் தண்ணி வந்துச்சுன்னு கலியமூர்த்தி போன்ல சொல்றார், கொஞ்சம் பாருங்க'ன்னு. படிச்சதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுங்களா? நாவல் பழத்தை என்கிட்ட சொன்ன மனுஷன், என் தப்பை மேலதிகாரிகிட்ட சொல்றார். எனக்கு ஒரு வரி எழுதிப் போட்டா நான் பார்த்துக்க மாட்டேனா? ரெண்டே வரியில பதில் அனுப்பினேன். 'ப்ரோகிராம் சரியாக உள்ளது. களத்தில் கருவி வைக்கப்பட்ட விதத்தைச் சரிபார்க்கவும்.'

அப்படி அனுப்பிட்டேனே ஒழிய சோறு இறங்கலை. நான் வேலையில சுத்தம் பார்க்கறவ. திரும்ப ஒவ்வொரு வரியா பார்த்தேன். ரெண்டு நாள் ஒண்ணும் கிடைக்கலை. மூணாம் நாள், அக்டோபர் இருபத்தேழு, கிடைச்சுது. அந்தக் கடைசி நாலு வரிதான். கலியமூர்த்தி குச்சி நட்டது கட்டத்துக்கு நடுவுல. நான் அந்த இடத்தைக் கட்டத்தோட மூலைன்னு எடுத்துக்கிட்டேன். அவ்வளவுதான் தப்பு. மொத்தப் படமும் அரைக் கட்டம் தள்ளி உக்காந்துடுச்சு. இருபத்தஞ்சு மீட்டர் கிழக்கே, இருபத்தஞ்சு மீட்டர் தெற்கே. பெரிய ஏரிக்கு அது ஒண்ணுமே இல்லைங்க. ஆனா ஓடைத்தெருவுக்கு மேற்கால வாய்க்கால் கரை இருக்கு, நல்ல மேடு. அந்தக் கரையோட பச்சை நகர்ந்து வந்து தெரு மேல உக்காந்துடுச்சு. முப்பத்திரெண்டு வீடு.

உடனே திருத்திட்டேன். பத்து நிமிஷ வேலை. புதுப் படத்தைப் போட்டு, தேதி போட்டு, அதே ஃபோல்டர்ல வெச்சிட்டேன். இன்னைக்கும் இருக்கு, நீங்க வேணும்னாலும் பார்க்கலாம், இருபத்தேழாம் தேதின்னு இருக்கும்.

சொன்னேனாவா? யார்கிட்ட?

இல்ல, சொல்லலை. ஃபோல்டர்ல இருக்கு, பார்க்கறவங்க பார்ப்பாங்க. சாருக்குச் சொன்னா, ரெண்டு வரியில அப்படி அனுப்பினவ இப்ப தப்பு என்னோடதுன்னு எழுதணும். எழுதலாம், எழுத மாட்டேன்னு இல்ல. கலியமூர்த்தி ஒரு வார்த்தை கேப்பார், கேட்டதும் சொல்லுவோம்னு இருந்தேன். செவ்வாய், வெள்ளின்னு ஃபைல் வந்துக்கிட்டுத்தானே இருக்கு. ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். அவரும் எழுதலை, நானும் சொல்லலை. பதினெட்டு நாள் அப்படியே போச்சு.

நவம்பர் பதினாலு. உங்களுக்கே தெரியும், அந்த மழை. வாகையேரி நிரம்பி, மதகைத் திறந்து விட்டுட்டாங்க. முதல் நாளே காலி பண்ணச் சொல்லி டிராக்டர் அனுப்பினாங்களாம், பழைய படத்துலேர்ந்து எடுத்த லிஸ்டை வெச்சுக்கிட்டு. லிஸ்ட்ல இருந்த தெருவையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போய் ஸ்கூல்ல விட்டுட்டாங்க. ஓடைத்தெரு லிஸ்ட்ல இல்ல. தெருக்காரங்களும் எங்களையும் ஏத்திக்கோங்கன்னு கேட்டிருக்காங்க, டிராக்டர்ல வந்தவங்க 'உங்க தெரு பச்சை, மத்தவங்களை முதல்ல ஏத்தணும்'னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. மறுநாள் காலையில ஆறு மணிக்கெல்லாம் தண்ணி வீட்டுக்குள்ள. முப்பத்திரெண்டு குடும்பமும் ரேஷன் கடை மொட்டை மாடியில ஏறி நின்னிருக்காங்க. படகு வந்தது சாயந்தரம் நாலரைக்கு. பத்து மணி நேரம் அந்த மழையில. உசிருக்குச் சேதம் இல்லைன்னு பிரகதீஸ்வரன் சார் எல்லாருக்கும் மெயில் போட்டிருந்தார். கூடவே ஒரு போட்டோ. மாடி பூரா குடையும் தார்ப்பாயுமா. நான் அதைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்த்தேன். கலியமூர்த்தி யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? பெருசு பண்ணினா ஒவ்வொருத்தரும் கட்டம் கட்டமா ஆயிடறாங்க.

இவ்வளவும் சொல்லிட்டேன், தண்ணி குடிச்சுக்கறேன் இருங்க.

போன வாரம் ஆபீஸுக்கு எழுதினேன், களச் சரிபார்ப்புக்கு நானே நேர்ல போறேன்னு. சாருக்கு ஆச்சரியம். ஆறு வருஷத்துல நான் வீட்டை விட்டு எங்கயும் போனது இல்ல. கலியமூர்த்திக்கு அவரே போன் பண்ணிச் சொல்லிட்டார். இன்னைக்குக் காலையில பஸ்ஸை விட்டு இறங்கறேன், ஒருத்தர் டிவிஎஸ் பக்கத்துல நிக்கறார். நாப்பது வயசு இருக்கும். கறுப்பா, ஒல்லியா, மழைக்கோட்டோட. "ஹேமலதா மேடம்ங்களா?"ன்னார். ஆமாங்கறதுக்குள்ள என் பையை வாங்கிக்கிட்டார். எனக்கு ஒரு வார்த்தை வரலை. செவ்வாய்க்கிழமை போன்ல வந்துச்சே, அதே காத்துதான்.

நடந்தே போனோம், கிட்டத்துலதான். அவர் பாட்டுக்குப் பேசிக்கிட்டு வரார். இது அந்த மதகு மேடம், இது நீங்க படத்துல போட்ட நூத்திப் பன்னெண்டாம் புள்ளி மேடம். எனக்குக் கொஞ்சம் ஏமாத்தமா இருந்துச்சு. எழுத்துல இருந்த அந்தக் குறும்பு பேச்சுல இல்ல. கூச்சமா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

ஓடைத்தெரு முனையில நின்னுட்டார். அந்த முப்பத்திரெண்டுல ஒண்ணு அவர் வீடு. அது எனக்குத் தெரியாதுங்க, சத்தியமாத் தெரியாது. மேற்குச் சுவர் விழுந்து, நீலத் தார்ப்பாய் கட்டியிருந்துச்சு. அங்க நின்னு என்னைப் பார்க்காமலே சொல்றார்:

"மேடம், ஒண்ணு கேக்கணும். கருவியை நான் எங்க தப்பா வெச்சேன்? நீங்க எழுதினதை சார் எனக்கு அனுப்பினார். அன்னைக்குலேர்ந்து யோசிக்கறேன். எல்லாப் புள்ளியும் திரும்ப ஒரு தடவை அளந்தேன், அதே நம்பர்தான் வருது. என்னால முப்பத்திரெண்டு குடும்பம் மாடியில நின்னுச்சு. தெருவுல யார் மூஞ்சியையும் பார்க்க முடியலை."

நான் சொல்லிட்டேங்க. அதுல எனக்குத் தயக்கமே இல்ல. "நீங்க வெச்சது சரி. தப்பு என்னோடது. நடுவை மூலைன்னு எடுத்துக்கிட்டேன், அரைக் கட்டம் தள்ளிடுச்சு. இருபத்தேழாம் தேதியே திருத்தி ஃபோல்டர்ல போட்டுட்டேன்"னு.

அவர் அப்படியே அந்த விழுந்த சுவர் மேல உக்காந்துட்டார். ரெண்டு கையாலயும் மூஞ்சியை மூடிக்கிட்டார். அழறாரோன்னு பார்த்தா, "அப்ப நான் இல்ல, அப்ப நான் இல்ல"ங்கறார். கொஞ்ச நேரம் கழிச்சு, "இருபத்தேழுன்னா மழைக்கு முன்னாடியாச்சே மேடம். யார்கிட்டயும் சொல்லலையா?"ன்னார்.

"சொல்லலை"ன்னேன்.

திட்டுவார்னு நினைச்சேன். திட்டியிருக்கலாம். திட்டலை. அப்பறம் எழுந்து, "நாளைக்கு இதைத் தெருவுல சொல்லலாமா?"ன்னு மட்டும் கேட்டார். சொல்லுங்கன்னேன். சாருக்கும் இன்னைக்கே எழுதப் போறேன். எழுதிடுவேன். வேலையில தப்புன்னா தப்புதான், அதை ஒத்துக்கறதுல எனக்கு ஒரு கஷ்டமும் கிடையாது. அதுல மட்டும் என்னைப் பத்தி யாரும் குறை சொல்ல முடியாது.

உள்ள பார்த்து, "ஏய், மேடம் வந்துட்டாங்க, டீ கொண்டா"ன்னு குரல் குடுத்தார்.

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கல்யாணம் ஆனவரா இருப்பார்னு நான் நினைக்கவே... சரி, ஆனா என்ன? எனக்கு என்ன வந்துச்சு? ஒரு பொண்ணு வெளிய வந்தா. முப்பது, முப்பத்திரெண்டு வயசு இருக்கும். ஒரு கையில டம்ளர், தோள்ல குழந்தை, துணி சுத்தினது. அக்டோபர்ல பிறந்ததாம். அதைத் தூக்கிக்கிட்டுத்தான் அந்த மாடியில பத்து மணி நேரம் நின்னிருக்கா, முப்பது நாள் குழந்தை. அப்பறம் காய்ச்சல் வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரி. இப்ப நல்லா இருக்கு. என் விரலைக் குடுத்தேன், பிடிச்சுக்கிட்டு விடலை.

டீ நல்லா இருக்குன்னேன். அவர் சொல்றார், "இவதான் மேடம் என் கம்ப்யூட்டர். எனக்கு அளக்கத்தான் தெரியும், டைப் பண்ணவெல்லாம் வராது. நோட்டுல எழுதிக்கிட்டு வந்து குடுத்துடுவேன், இவ உக்காந்து தட்டுவா. பி.எஸ்ஸி. மேடம். குழந்தை வந்தப்பறம் பக்கத்து ஊர் பிரவுசிங் சென்டர்ல குடுத்துத் தட்டி வாங்கிக்கிட்டிருக்கேன்."

புரியுதா உங்களுக்கு? எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. குழம்பு. காயப் போட்ட துணி. பக்கத்து வீட்டு மிக்ஸி. நான் அவ காலைப் பார்த்தேன். வீக்கம் இல்ல இப்ப, சாதாரணமாத்தான் இருந்துச்சு. தண்ணிப்பாம்பு போச்'சாம்'னு எழுதியிருந்துச்சே, அந்த 'ஆம்'மை நான் கவனிக்கவே இல்ல. பழம் எடுத்துக்கிட்டு 'வந்தாங்க'. எல்லாம் அதுலயே இருந்துச்சு.

கலியமூர்த்தி பக்கத்து வீட்டுல நாற்காலி வாங்கிக்கிட்டு வரேன்னு போனார். நாங்க ரெண்டு பேருந்தான். அவ தார்ப்பாயை ஒரு கையால ஒதுக்கிப் பிடிச்சுக்கிட்டு, சின்னக் குரல்ல கேட்டா:

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? அந்த ஃபைல்ல நடுவுல நடுவுல நான் என்னத்தையாவது எழுதி வெச்சிருப்பேன். இவர் காலையில போனா சாயந்தரம்தான் வருவார். கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்து ஒம்பது வருஷம் ஆச்சு, படிச்சவன்னு தெருவுல யாரும் அவ்வளவா ஒட்ட மாட்டாங்க. மெட்ராஸ்ல யாராவது பார்ப்பாங்களோன்னு சும்மா எழுதுவேன். நீங்க அதைப் படிச்சீங்களா அக்கா?"

நான் சொன்னேன், "இல்லம்மா. முன்னாடி அந்தக் குறி இருந்தா ப்ரோகிராம் தாண்டிப் போயிடும். எங்க கண்ணுக்கே வராது"ன்னு.

"ஓ"ன்னா. சிரிச்சா. "நல்லதாப் போச்சு. கண்டதையும் எழுதியிருந்தேன். படிச்சிருந்தா என்னைப் பைத்தியம்னு நினைச்சிருப்பீங்க." அப்பறம் குழந்தையை இந்தத் தோள்லேர்ந்து அந்தத் தோளுக்கு மாத்திக்கிட்டா. மாத்தறப்ப மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா, அதனால நான் சரியாப் பார்க்கலை.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்கறீங்க. வேற என்னங்க சொல்றது? மூணு மாசம் நான் ஒருத்தர் எழுதறார்னு படிச்சேன், எழுதினது இன்னொருத்தர். ஏமாந்தது நானில்லையா? அவங்க ரெண்டு பேரும் வேணும்னு ஏமாத்தலைதான். ஆனாலும் ஏமாந்தது ஏமாந்ததுதானே. அந்தப் பொண்ணு எனக்கு யாரு? முன்ன பின்ன தெரியாதவ. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னா. வேணாம்னு கிளம்பிட்டேன். "போன் நம்பர் குடுங்கக்கா, இனிமே சந்தேகம் இருந்தா நேரா உங்ககிட்டயே கேக்கறோம்"னா. ஆபீஸ்ல கேட்டுக்கோன்னு சொல்லிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் குழந்தையோட வந்தா. வர வேணாம்னு சொன்னேன், கேக்கலை. பஸ் எடுக்கற வரைக்கும் நின்னா. இன்னும் கொஞ்ச நாள்ல திரும்பத் தட்ட உக்காந்துடுவேன்க்கான்னு ஜன்னல்கிட்ட வந்து சொன்னா. சரிம்மான்னேன்.

நீங்க ஏங்க அப்படிப் பார்க்கறீங்க? எதிர்பார்த்துப் போனது ஒண்ணு, நடந்தது ஒண்ணு. அவ்வளவுதான். சாயந்தரம் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்து விளக்கைப் போட்டா எல்லாம் சரியாயிடும். ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கு. அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. அந்த வரியையெல்லாம் ஒண்ணு விடாம எடுத்து நான் தனியா ஒரு ஃபைல்ல சேர்த்து வெச்சிருக்கேன். நம்பரெல்லாம் எடுத்துட்டு, வெறும் பேச்சு மட்டும், தேதி வாரியா. நூத்திப் பதினேழு வரி. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி பத்து வரி படிப்பேன். அந்த ஃபைலுக்குக் கலியமூர்த்தின்னு பேர் வெச்சிருக்கேன். அது இப்ப தப்பாச்சே. வேலையில தப்பை அப்படியே விட்டு எனக்குப் பழக்கம் இல்ல. பேரை மாத்தணும்.

என்னது? அந்தப் பொண்ணு பேரா?

அவர் 'ஏய்'னுதான் கூப்பிட்டார். அவளும் சொல்லலை. நான்... இருங்க, ஜன்னல்கிட்ட வந்தப்ப... இல்ல.

நான் கேக்கவே இல்லையேங்க.